அமைதிக்கும் ஓர் இடம் வேண்டும்

ஓர் இடத்தைப் பார்த்து வருதல் ஒன்று. ஓர் இடத்தில் தங்கி வருதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதும் மயக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. பயண வாணிகம் அம்மயக்கத்தை விதைக்கின்றது. அவசரம் அதற்கு உரமிடுகின்றது. இம்மயக்கத்தின் விளைவைத் தெள்ளத் தெளியக் காட்டும் இடமொன்று உண்டு. அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் அமைந்துள்ள கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கே அது.

கொலராடோ ஆறு அறுத்த இப்பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டரை எட்டும்; ஆழமோ 1.6 கிலோமீட்டருக்கும் மிகுதி. மேல்விளிம்பில் நிற்பவன் காலடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைக்கு வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டு. கீழே ஆற்றங்கரையில் தென்படும் கரும்பாறைக்கோ 170 கோடி ஆண்டுக்கும் மேல். 1908ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1919இல் இது தேசியப் பூங்காவாயிற்று. 1979இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் இங்கு வந்து சென்றோர் ஏறத்தாழ 49 இலட்சம் பேர்.

இத்துணைப் பேர் வந்து என்ன பெற்றுச் செல்கின்றனர்? பலர் ஊர்தியை நிறுத்துகின்றனர்; தடுப்புச் சுவரருகே நின்று படம் எடுக்கின்றனர்; நினைவுப் பொருள் வாங்குகின்றனர்; அடுத்த ஊருக்கு விரைகின்றனர். 170 கோடி ஆண்டு வரலாற்றுக்கு அவர்கள் அளிப்பது சில மணி நேரம். இன்னுஞ் சிலர் மண்ணை மிதிப்பதுமில்லை. ஹெலிகாப்டரில் ஏறிச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இத்தகையோருக்கிடையே ஒருவன் சிறியதொரு கூடாரத்துடன் வந்து, இரண்டு இரவு அமைதியாகத் தங்கிச் செல்ல விரும்புகின்றான் எனக் கொள்வோம். உலகம் அவனை எவ்வாறு நோக்குகின்றது? பணமில்லாதவன் என்று சிலர் இரங்குவர். பித்தன் என்று சிலர் நகைப்பர். உண்மையில் அவ்விடத்துக்குரிய மரியாதையைச் செலுத்துபவன் அவனே. அவன் நாடும் அமைதி அவனுடைய தனி இன்பம் மட்டுமன்று, அது பொதுவுடைமை. அதனைக் காப்பது பாறையையும் ஆற்றையும் காப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த கடமையன்று.

பாலையில் என்ன இருக்கின்றது?

"பாலை நிலத்தில் அமைதியைத் தேடிப் போவானேன்? ஒன்றுமில்லாத இடத்தில் அமைதி தானே இருக்கும்!" என்று வினவுவோர் உளர். இவ்வினாவில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, பாலை ஒன்றுமில்லாத இடம் என்பது. தமிழ் பயில்வோர்க்கு இப்பிழையை விளக்கத் தேவையில்லை. பாலையைப் பிரிவுக்குரிய நிலமாகக் கண்டு, அதற்கென ஒரு திணையையே வகுத்த மொழி தமிழ். வெறுமை எனப் பிறர் கண்ட இடத்தில் உணர்வைக் கண்டனர் தமிழ்ப் புலவர். அரிசோனாப் பாலையும் அத்தகையதே. அங்குள்ள மண்ணின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களும் பாசிகளும் பின்னிப் பிணைந்து கருநிறமான ஒரு பொருக்கை உருவாக்குகின்றன. காற்று மண்ணை வாரிச் செல்லாமல் காப்பது அதுவே. மழை நீரைப் பிடித்து வைப்பதும் அதுவே. ஒரு காலடி பட்டால் அது நொறுங்கும். மீண்டும் வளர்ந்து உருப்பெறப் பல்லாண்டு பிடிக்கும். மேலே விளிம்பையொட்டிப் பைன் மரக் காடு. கீழே இறங்க இறங்க முட்செடியும் கள்ளியும். அழிவின் விளிம்புக்குச் சென்று மீட்கப்பட்ட கலிபோர்னியக் கழுகு 1996 முதல் இவ்வட்டாரத்து வானில் மீண்டும் வட்டமிடுகின்றது. இதனை ஒன்றுமில்லாத இடம் என்பவன் தன் கண்ணின் குறையையே பறைசாற்றுகின்றான்.

இரண்டாவது பிழை, அமைதி தானே இருக்கும் என்பது. முன்னொரு காலத்தில் இருந்தது, இன்று இல்லை. ஆண்டுக்கு 49 இலட்சம் பேர் கூடும் இடத்தில் அமைதி தானாகக் கிடைக்காது. திட்டமிட்டால்தான் கிடைக்கும்.

திட்டம் விடுதலைக்குப் பகையா?

இங்கே மற்றொரு சாரார் குறுக்கிடுவர். "இயற்கையை நாடிச் செல்பவன் பட்டியலும் அட்டவணையுமாகச் செல்வதா? மனம் போன போக்கில் செல்வதன்றோ விடுதலை?" என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆயினும் நகரத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் வரைதான் இவ்வாதம் நிற்கும். பாலை நிலத்தில் ஓர் இரவுகூட நிற்காது.

தென்விளிம்பு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடவிளிம்பு அதனினும் 300 மீட்டர் கூடுதல் உயரம். பாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் வெப்பத்தை மட்டும் எண்ணி மெல்லிய போர்வையோடு செல்பவன், இளவேனிலிலும் அங்கு இரவெல்லாம் நடுங்க நேரும். அதே நாளில் பள்ளத்தாக்கின் அடியில் வேறொரு பருவம் நிலவும். கோடையில் அங்கு வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். இறங்குவது எளிது, ஏறுவது கடிது. மலையேற்றத்தில் மேலே செல்லும்போதே களைத்தவன் திரும்பி இறங்கிவிடலாம். இங்கோ களைப்பு தெரியும் வேளையில் ஏற்றம் முழுவதும் எஞ்சி நிற்கும். இதனாலேயே ஒரே நாளில் ஆறு வரை இறங்கி ஏறுதல் வேண்டா எனப் பூங்காக் காவலர் இடைவிடாது எச்சரிக்கின்றனர். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் வேளைகளில் இடியும் மின்னலும் திடீர் வெள்ளமும் வரும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. தென்விளிம்புக்கு வேண்டிய நீர் வடபுறத்து ஊற்றொன்றிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்கே குழாய் வழியே வருகின்றது. 1960களில் அமைக்கப்பட்ட அக்குழாய் அடிக்கடி உடைகின்றது. 2024 ஆகஸ்டு இறுதியில் அது பல இடங்களில் உடைந்தபோது, தென்விளிம்பு விடுதிகளில் இரவு தங்குவதே சில நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் மின்னல் மூட்டிய காட்டுத்தீ வடவிளிம்பின் புகழ்பெற்ற விடுதியையும் வேறு பல கட்டடங்களையும் சாம்பலாக்கியது. இத்தகைய நிலத்தில் "மனம் போன போக்கு" என்பது விடுதலையன்று; பிறர் வந்து காப்பாற்ற வேண்டிய நிலைக்குத் தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும் பேதைமை. திட்டமிட்டவனுக்கே அங்கு ஓய்வு உண்டு. திட்டமிடாதவன் இரவெல்லாம் தண்ணீரையும் போர்வையையும் பற்றியே எண்ணிக் கிடப்பான். அமைதியைக் கேட்க அவனுக்குச் செவி ஏது?

எங்கே, எப்போது?

அமைதியை நாடுவோன் முதலில் முடிவு செய்ய வேண்டியது காலம். தென்விளிம்பு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். பள்ளி விடுமுறைக் காலமான கோடையில் அங்குக் கூட்டம் அலைமோதும். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத்திலும் கூட்டம் குறையும். குளிரைத் தாங்கும் உறையும் உடையும் கொண்டவனுக்கு அவையே நற்பருவம். வடவிளிம்பு வழக்கமாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை திறக்கப்படும். பின்னர் பனி மூடிவிடும். இரு விளிம்புகளுக்கும் இடையே பறவை பறக்கும் தொலைவு 16 கிலோமீட்டர்தான்; சாலை வழியே சுற்றிச் செல்வதோ ஏறத்தாழ 340 கிலோமீட்டர். அத்தொலைவே வடவிளிம்பைப் பெருங்கூட்டத்திலிருந்து காத்து வந்துள்ளது. 2025ஆம் ஆண்டுத் தீக்குப் பின் அங்குச் செல்ல எண்ணுவோர் பூங்கா நிருவாகத்தின் அறிவிப்பை முன்கூட்டியே அறிந்து செல்லுதல் இன்றியமையாதது.

அடுத்தது இடம். தென்விளிம்பிலுள்ள மேதர் முகாம், தேசியப் பூங்காப் பணித்துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதரின் பெயர் தாங்கியது. ஆறு மாதத்துக்கு முன்னரே அங்கு இடம் பதிவு செய்யலாம். அம்முகாமில் "பைன் லூப்" என்னும் பகுதி கூடாரவாசிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கு மின்னாக்கிப் பொறிக்கு இடமில்லை. சக்கரங்களின்மீது வீட்டையே இழுத்துக்கொண்டு வருவோர்க்கு வேறிடம் உண்டு. கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டெசர்ட் வியூ முகாம் சிறியது. ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் திறந்திருப்பது. ஊரின் ஆரவாரத்திலிருந்து விலகியது. பூங்காவின் எல்லைக்கு வெளியே கைபாப் தேசியக் காடு விரிந்து கிடக்கின்றது. அங்கு வசதி ஏதுமற்ற இடத்தில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். தண்ணீரைச் சுமந்து செல்லவேண்டும். குப்பையைச் சுமந்து திரும்பவேண்டும். தீத்தடை நடப்பிலிருந்தால் விறகு மூட்டலாகாது. அமைதிக்கு அக்காடு கேட்கும் விலை இதுவே. விளிம்புக்குக் கீழே இரவு தங்க விரும்புவோர் தனி அனுமதி பெறல் வேண்டும். அவ்வனுமதியின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அவ்வரம்பைக் கண்டு சினப்போர் பலர். ஆனால் அவ்வரம்பு இல்லையேல் அவர்கள் தேடிச் செல்லும் பொருளே அங்கு இராது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வானிலிருந்து வரும் இரைச்சல்

இத்தனையும் செய்தபின், ஒருவன் விடியலில் கூடாரத்தின் வாயிலில் அமர்கின்றான். காகமொன்று பறக்கின்றது, அதன் சிறகோசை கேட்கின்றது. அவ்வளவு அமைதி. சிறிது நேரத்தில் தொலைவிலிருந்து ஒரு முழக்கம் எழுகின்றது. பாறைச் சுவர்களில் மோதி எதிரொலிக்கின்றது. சுற்றுலா ஹெலிகாப்டர் வருகின்றது. அது போனபின் இன்னொன்று வருகின்றது.

இவ்வானூர்திகளின் வரலாறு வேதனை நிறைந்தது. 1956இல் இரு பயணியர் வானூர்திகள் இப்பள்ளத்தாக்கின் மேல் மோதி 128 பேர் மாண்டனர். 1986இல் சுற்றுலா ஹெலிகாப்டரும் சுற்றுலா வானூர்தியும் மோதி 25 பேர் மாண்டனர். அதன்பின் 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. விளிம்புக்குக் கீழே பறத்தல் தடுக்கப்பட்டது. வானூர்தி நுழையாப் பகுதிகள் வகுக்கப்பட்டன. பூங்காவின் இயற்கை அமைதியைப் பெருமளவில் மீட்டுத் தருவது அச்சட்டத்தின் குறிக்கோள் எனக் கூறப்பட்டது. அமைதியை ஒரு நாட்டின் சட்டம் செல்வமாக ஏற்றது பாராட்டத்தக்க செயலே.

அமைதியை எவ்வாறு அளப்பது? நாளின் முக்கால் பகுதியேனும் பூங்காவின் பாதிப் பரப்பு வானூர்தி ஒலியற்று இருந்தால் போதும் என்று பூங்காப் பணித்துறை அளவுகோல் வகுத்தது. ஒரு தேசியப் பூங்காவின் பாதியை இரைச்சலுக்கு விட்டுக்கொடுத்த பின்னரும் அவ்வளவுகோலை எட்டுவது அரிதாயிற்று. 2012இல் நாடாளுமன்றம் மற்றொரு சட்டத்தின் வழி அக்கணக்கையே மாற்றியது. வாணிகச் சுற்றுலாவுக்கென ஒதுக்கீடு பெற்ற வானூர்திகளின் ஒலியை மட்டும் கணக்கிற்கொண்டால் போதும். உயரே பறக்கும் பயணியர் வானூர்தி முதலிய பிறவற்றின் ஒலியைக் கணக்கிற்கொள்ள வேண்டா என்பது புதிய விதி. இதன் பொருள் என்ன? ஒலி குறைந்ததா? இல்லை; எண்ணப்படும் ஒலி குறைந்தது. மாணவன் தேர்வில் தோற்றால் பாடத்தை மீண்டும் கற்பிப்பது ஆசிரியர் மரபு. வினாத்தாளில் அவன் விடையளிக்காத வினாக்களை நீக்கிவிட்டு அவன் தேறிவிட்டான் என அறிவிப்பது எம்மரபு? செவிக்கு எட்டிய இரைச்சல் ஏட்டில் இல்லை என்பதனால் அது இரைச்சல் அன்று என்றாகிவிடுமா?

முதியோரும் பழங்குடியினரும்

வான்வழிச் சுற்றுலாவை ஆதரிப்போர் இரு கேடயங்களை முன்னிறுத்துவர். ஒன்று முதியோரும் உடற்குறையுடையோரும். "நடக்க இயலாதவர் பள்ளத்தாக்கைக் காண வேண்டாவா?" என்பர். காண வேண்டும், ஐயமில்லை. ஆனால் தென்விளிம்பின் பல காட்சி முனைகள் வரை ஊர்தி செல்கின்றது. கட்டணமில்லாப் பேருந்து ஓடுகின்றது. அதில் சக்கர நாற்காலியும் ஏறும். விளிம்புப் பாதையின் கணிசமான பகுதி சமமாகப் பாவப்பட்டுள்ளது. சக்கர நாற்காலியில் அமர்ந்த முதியவர் அங்கு விரும்பும் வரை அமர்ந்து காணலாம். ஹெலிகாப்டர் அவருக்குத் தருவது அரைமணியைச் சுற்றிய ஒரு பொழுதே. மேலும், அமைதியாக அமர்ந்து காணும் உரிமை அம்முதியவருக்கும் உரியதன்றோ? அவர் பெயரைச் சொல்லி அவர் தலைக்கு மேலேயே முழக்கமிடுவது எவ்வகை அன்பு?

மற்றொரு கேடயம் பழங்குடி மக்கள். இதனை எளிதில் ஒதுக்கலாகாது. பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் வாழும் ஹுவலப்பாய் மக்கள் 2007இல் கண்ணாடி நடைபாலம் ஒன்றைத் திறந்தனர். ஹெலிகாப்டர்கள் அவர்தம் நிலத்தில் இறங்குகின்றன. அவ்வருவாய் அவர்களுக்கு வேண்டியதே. அவர்தம் நிலத்துக்குச் செல்லும் வானூர்திகளுக்கு விதிவிலக்கும் உண்டு. இன்னொரு பழங்குடியினரான ஹவசுப்பாய் மக்களின் மேட்டுநிலங்கள் பறிக்கப்பட்டு, அவர்கள் குறுகிய நிலத்தில் ஒடுக்கப்பட்டனர். 1975இல்தான் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் அவர்களுக்கு மீண்டது. பூங்கா என்ற பெயராலேயே வீட்டை இழந்த மக்களிடம் சென்று, "எம் அமைதிக்காக உம் வருவாயை விடுக" எனக் கூடாரவாசி கேட்பது அறமன்று. எனவே, இங்கு எழும் கண்டனம் பழங்குடியினர் தம் நிலத்தில் செய்யும் தொழில்மீது அன்று. பூங்காவின் நெஞ்சின்மீது, வெளியூர் வாணிகத்தின் பொருட்டு, நாள்தோறும் நிகழும் வான்சுற்றின் மீதே. ஏழையின் உரிமையைக் காட்டிச் செல்வன் தன் ஆதாயத்தைக் காத்துக்கொள்வது பழைய தந்திரம். அதற்கு மயங்குதல் கூடாது.

கூடாரவாசியின் குற்றம்

வானத்தை நோக்கி விரலை நீட்டுபவன் தன் கூடாரத்தையும் ஒருமுறை நோக்குதல் நேர்மை. முகாமில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காத்தல் விதி. ஆனால் அவ்விதி தொடங்கும் வரை பாட்டுப் பெட்டியை அலறவிடுபவன் யார்? ஊர்தியின் கதவை நள்ளிரவில் பத்துமுறை அறைபவன் யார்? மரக்கிளைகளில் விளக்குச் சரம் தொங்கவிடுபவன் யார்? இருள் காக்கப்படும் வானத்துப் பூங்காவாக 2019இல் இவ்விடம் உலக அளவில் ஏற்பளிக்கப்பட்டது. அங்குப் பால்வீதியைக் காணவந்தவன் கண்ணில் அடுத்த கூடாரத்தின் வெள்ளொளி பாய்கின்றது. இக்குற்றங்களை ஹெலிகாப்டர் நிறுவனம் செய்யவில்லை. அமைதியை நாடி வந்ததாகக் கூறிக்கொள்பவனே செய்கின்றான்.

ஆதலின் திட்டம் என்பது போர்வையும் தண்ணீரும் மட்டுமன்று. எதனை எடுத்துச் செல்வது என எண்ணுவதுபோல் எதனை விட்டுச் செல்வது எனவும் எண்ணுதல் வேண்டும். ஒலிபெருக்கியை வீட்டில் விடலாம். மின்னாக்கியை விடலாம். செந்நிற ஒளிதரும் சிறுவிளக்கு ஒன்று போதும். உணவைப் பூட்டி வைத்தல் வேண்டும். அணிலுக்கு ஒரு கடலையும் ஈயலாகாது. அன்பெனக் கருதி ஈயும் உணவு அவ்வுயிரைக் கெடுக்கின்றது. அணிற்கடியால் மருந்து தேடுவோர் அங்குப் பலர். முன்னரே பயன்பட்ட வெற்றுத் தரையில் கூடாரம் அடித்தல் வேண்டும், கரும்பொருக்கை மிதித்தலாகாது. வந்த சுவடின்றித் திரும்புதலே அங்கு நாகரிகம்.

இச்செய்தி தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் எதற்கு என ஒருவர் வினவலாம். பள்ளிகள் மாணவரை முகாமுக்கு அழைத்துச் செல்கின்றன. அங்கு ஒலிபெருக்கி முழங்குகின்றது, போட்டி நடக்கின்றது, கைதட்டல் எழுகின்றது. மாணவன் காட்டுக்குச் சென்று மண்டபத்தைக் கண்டு திரும்புகின்றான். பத்து நிமிடம் வாய் மூடி அமர்ந்து, காதில் விழுந்தவற்றை எழுதிவா என எந்த முகாமில் சொல்லப்படுகின்றது? கேட்கக் கற்காதவன் காக்கக் கற்கமாட்டான். கிராண்ட் கேன்யனின் அமைதி கெட்டது முதலில் வானத்திலன்று. கேட்கும் பழக்கத்தை இழந்த மனிதர் செவியில்தான். செவி இழந்ததைச் சட்டம் மட்டும் மீட்டுத் தராது.

பாறையை வெட்டிச் செல்பவனைத் திருடன் என்று தண்டிக்கும் உலகம், அமைதியை வெட்டிச் செல்பவனுக்கு நுழைவுச்சீட்டு வழங்குகின்றது. இம்முரண் நீங்கும் நாள் வர வேண்டும். அந்நாள் வரும்வரை, முன்பதிவு செய்து, நீரைச் சுமந்து, விளக்கைத் தணித்து, குரலை அடக்கி ஒரு சிறு கூடாரத்தில் தங்குபவனே அப்பள்ளத்தாக்கின் உண்மையான காவலன்.